கொடைக்கானல் குளிரில் மாவு ஏன் பொங்குவதில்லை?

மதுரையிலிருந்து கொடைக்கானலுக்கு மாற்றலாகி வந்த ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார்: "ஊரில் ராத்திரி ஆட்டி வைத்தால் விடியும்போது மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். இங்கே நாயுடுபுரத்தில் அதே அரிசி, அதே உளுந்து, அதே கிரைண்டர். காலையில் திறந்தால் வைத்தது வைத்தபடியே கிடக்கிறது. புது வீட்டில் கண் பட்டிருக்கும், பாத்திரத்தின் மேல் ஒரு கரித்துண்டு வையுங்கள் என்கிறார்கள் பக்கத்தில். இன்னொன்று, இந்தக் குளிரில் எதுவும் கெடாது, ஃபிரிட்ஜ் தண்டச்செலவு என்கிறார் என் கணவர். சரிதானா?"

இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. பாக்டீரியாவைச் சுற்றி இருக்கும் கொழுப்புத் தோலில். அங்கே போய்ச் சேரும் வரை கொஞ்சம் வேகமாக நடப்போம்.

பாக்டீரியா வளர்வது என்றால் ஒன்று இரண்டாவது, இரண்டு நான்காவது. நம் குடலில் இருக்கும் ஈ.கோலை நல்ல சாப்பாடும் 37 டிகிரி சூடும் கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ராத்திரி பத்து மணிக்கு ஒன்று இருந்தால் காலை ஆறு மணிக்கு 24 முறை இரட்டித்து 1 கோடியே 67 லட்சத்தைத் தாண்டிவிடும். அதுவே இரட்டிக்க இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டால்? அதே எட்டு மணி நேரத்தில் வெறும் 16. வேகம் ஆறு மடங்குதான் குறைந்தது, விளைச்சல் பத்து லட்சம் மடங்கு குறைந்துவிட்டது. மதுரைக்கும் கொடைக்கானலுக்கும் நடுவில் மாவுப் பாத்திரத்தில் நடப்பது ஏறக்குறைய இந்தக் கணக்குதான்.

மாவைப் பொங்க வைப்பது யார்? லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்டஸ் என்ற பாக்டீரியா. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஸ்டெயின்கிராஸும் அவருடைய கூட்டாளிகளும் 1965-ல் இதை வெளியிட்டார்கள். இது பெரும்பாலும் உளுந்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. சர்க்கரையை உடைத்து லாக்டிக் அமிலமும் கரியமில வாயுவும் தருகிறது. உளுந்தின் வழுவழுப்பும் புரதமும் அந்த வாயுவைக் குமிழிகளாகப் பிடித்து வைக்கின்றன. அமிலம் ஏறியதும் புளிப்பு தாங்கும் வேறு பாக்டீரியாக்கள் வந்து மிச்ச வேலையைப் பார்க்கின்றன.

இதில் கண்ணேறுக்கு வேலையே இல்லை. கரித்துண்டு பாத்திரத்தின் மேல் இருப்பதால் கெடுதல் ஒன்றுமில்லை, விட்டுவிடலாம். ஆனால் மாவு பொங்காத வீடுகளில் இதைவிடக் கொடுமையான ஒன்றைக் கேட்டிருக்கிறேன். தூரமான பெண் கை வைத்ததால் மாவு கெட்டுவிட்டது என்பார்கள். எத்தனை வீடுகளில் ஒரு மருமகளோ ஒரு பள்ளிக்கூடத்துச் சிறுமியோ குளிரின் குற்றத்தைத் தன் தலையில் சுமந்திருப்பாள்! மாதவிடாய்க்கும் லியூகோனோஸ்டாக்குக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. எந்தக் கையாக இருந்தாலும் அதன் இளஞ்சூடு மாவுக்கு நல்லதுதான்.

சரி, குளிர் என்ன செய்கிறது? செல்லுக்குள் நடக்கும் வேதிவினைகள் 10 டிகிரி குறைந்தால் தோராயமாகப் பாதி வேகத்துக்கு இறங்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். அந்தக் கணக்குப்படி 28 டிகிரி மதுரைச் சமையலறையிலிருந்து 10 டிகிரி கொடைக்கானல் இரவுக்கு வந்தால் வேலை மூன்றரை மடங்கு மெதுவாக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பல பாக்டீரியாக்கள் அதற்கும் மேலே போய் ஒரேயடியாக நின்றுவிடுகின்றன. ஈ.கோலை 7, 8 டிகிரிக்குக் கீழே வளர்வதே இல்லை. வினைகள் மெதுவாவதைத் தாண்டி வேறு ஏதோ நடக்கிறது.

மலையில் குளியலறை அலமாரியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளையாக, கல்லாக உறைந்திருக்கும். வெயிலில் வைத்தோ வெந்நீரில் முக்கியோதான் எடுக்க வேண்டும். பக்கத்திலேயே நல்லெண்ணெய் பாட்டில் இருக்கும். அது பாட்டுக்கு ஊற்றலாம். கொடைக்கானலுக்கு வந்த முதல் மார்கழியில் இந்த இரண்டு பாட்டில்களையும் ஜன்னலோரம் வைத்து நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பாக்டீரியாவின் குளிர்காலக் கதை முழுக்க அந்த இரண்டு பாட்டில்களுக்குள் இருக்கிறது.

தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் 90 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்றவை. அவற்றின் கரிமச் சங்கிலிகள் நேரானவை. நேரான குச்சிகளை விறகுக்கட்டாகக் கட்டினால் இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். அதனால்தான் 24 டிகிரிக்குக் கீழே இறங்கியதுமே உறைகிறது. நல்லெண்ணெயில் பெரும்பகுதி நிறைவுறாதவை. சங்கிலியின் நடுவில் ஓர் இரட்டைப் பிணைப்பு இருக்கும், அந்த இடத்தில் சங்கிலி முழங்கை போல மடங்கிவிடும். கோணல் குச்சிகளைக் கட்டிப் பாருங்கள், எவ்வளவு இறுக்கினாலும் சந்து இருந்துகொண்டே இருக்கும். அந்தச் சந்துதான் எண்ணெயை உறையாமல் வைக்கிறது.

பாக்டீரியாவின் செல் சவ்வும், அதாவது முதலில் சொன்ன அந்தக் கொழுப்புத் தோலும், இந்த மாதிரிக் கொழுப்புச் சங்கிலிகளால் ஆனதுதான். கோடிக்கணக்கான சங்கிலிகள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்கின்றன. அது உறையக் கூடாது. சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள் சர்க்கரையை உள்ளே இழுக்க வேண்டும், கழிவை வெளியே தள்ள வேண்டும். அதற்கு அவை அசைய வேண்டும், உருமாற வேண்டும். சவ்வு தேங்காய் எண்ணெய் மாதிரி இறுகினால் அந்தப் புரதங்கள் சேற்றில் சிக்கிய வண்டிச்சக்கரம்தான். சாப்பாடு சுற்றிலும் கொட்டிக் கிடந்தும் செல் பட்டினி கிடக்கும்.

அப்படியானால் குளிரில் பிழைக்க ஒரே வழி, தன் தேங்காய் எண்ணெயை நல்லெண்ணெயாக மாற்றிக்கொள்வது. பாக்டீரியாக்கள் அதைத்தான் செய்கின்றன. குளிர வளர்த்தாலும் சூட்டில் வளர்த்தாலும் ஈ.கோலை தன் சவ்வின் இளக்கத்தை ஏறக்குறைய ஒரே அளவில் வைத்துக்கொள்கிறது என்று 1974-ல் மைக்கேல் சினென்ஸ்கி காட்டினார். கேள்வி என்னவென்றால், கண்ணும் தோலும் நரம்பும் இல்லாத ஒற்றைச் செல்லுக்குக் குளிர்கிறது என்று எப்படித் தெரிகிறது?

இதற்கு மிக அழகான விடை மண்ணிலும் வைக்கோலிலும் வாழும் பாசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவிடம் கிடைத்தது. அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் தியேகோ தெ மென்தோசாவின் குழு பல ஆண்டுகள் இதைத் தோண்டியது. இந்தப் பாக்டீரியாவின் சவ்வுக்குள் டெஸ்-கே என்று ஒரு புரதம் இருக்கிறது. அதுதான் தெர்மாமீட்டர். ஆனால் அது வெப்பத்தை அளப்பதில்லை, சவ்வின் தடிமனை அளக்கிறது!

சங்கிலிகள் சூட்டில் நெளிந்து குட்டையாகக் கிடக்கும், குளிரில் விறைத்து நிமிரும். நிமிர்ந்தால் சவ்வு தடிக்கும். டெஸ்-கே சவ்வை ஊடுருவி நிற்கிறது. அதன் ஒரு முனையருகே நீரை விரும்பும் சில அமினோ அமிலங்கள் இருக்கின்றன, கொழுப்பும் நீரும் சந்திக்கும் விளிம்பில் சரியாக. தூண்டில் தக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நேரத்தில் தக்கை நீர்மட்டத்தில் மிதக்கிறது. குளிரில் சவ்வு தடிக்கும்போது கொழுப்பின் மட்டம் உயர்ந்து தக்கையை மூழ்கடிக்கிறது. நீரை விரும்பும் பகுதிக்குக் கொழுப்புக்குள் இருக்கப் பிடிக்காது. அது முண்ட, புரதம் முழுவதும் உருமாறுகிறது. ஆய்வாளர்களே இதற்கு அமிழ்ந்த மிதவை என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

தக்கை அமிழ்ந்ததும் டெஸ்-கே தன்மேல் பாஸ்பேட் என்ற சிறு வேதித்துண்டு ஒன்றை ஏற்றிக்கொண்டு, அதைப் பக்கத்தில் இருக்கும் டெஸ்-ஆர் என்ற புரதத்துக்குக் கைமாற்றுகிறது. டெஸ்-ஆர் போய் ஒரே ஒரு மரபணுவை முடுக்குகிறது. அதிலிருந்து பிறக்கும் நொதி சவ்வுக்கு வந்து, அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும் நேர்ச் சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்பைப் போடுகிறது. எதையும் பிரிக்க வேண்டாம், புதிதாகக் கட்ட வேண்டாம். நிற்கிற குச்சியை நிற்கிற இடத்திலேயே மடக்குகிறது. சவ்வு இளகுகிறது, மெலிகிறது. தக்கை மறுபடி மேலே வருகிறது. உடனே டெஸ்-கே கட்சி மாறி, தானே கொடுத்த பாஸ்பேட்டைப் பிடுங்கி, மரபணுவை அணைத்துவிடுகிறது. தேவைக்கு மேல் ஒரு சங்கிலியைக்கூட மடக்குவதில்லை. இதை முதன்முதலாகப் படித்த அன்று எழுந்து ஏரியைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு வந்தேன். உட்கார முடியவில்லை.

எந்தப் பாக்டீரியா எவ்வளவு குளிர் வரைக்கும் தன் எண்ணெயை மாற்றிக்கொள்ள முடியும் என்பது அதன் பரம்பரைச் சொத்து. லியூகோனோஸ்டாக் ஓரளவு சமாளிக்கும், அதனால்தான் உங்கள் மாவு இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மெல்லப் புளிக்கிறது. அதற்கு உதவ வேண்டுமானால் சூடு கொடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வையுங்கள், பழைய மாவில் ஒரு கரண்டி சேருங்கள், கையால் கரையுங்கள். பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, வெந்நீர் பாட்டிலோடு தெர்மகோல் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். கம்பளி சூட்டைக் காக்கும், உண்டாக்காது. அதனால் வெந்நீர் பாட்டில் முக்கியம். நான் வந்த புதிதில் எதிர்வீட்டு அக்கா விறகடுப்பு அணைந்த பிறகு அதன் மேட்டில் சாக்கைச் சுற்றி என் மாவை வைத்துக் கொடுத்தார். அதைவிட நல்ல ஏற்பாட்டை இன்றுவரை நான் பார்த்ததில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. வைக்கோல் பாக்டீரியாவுக்குக் குளிர் தெரியுமா என்பது யாருக்கும் உடனடிப் பயன் தராத கேள்வி. அப்படிப்பட்ட கேள்விக்குப் பல ஆண்டுகள் பொறுமையாகச் சம்பளமும் ஆய்வகமும் கொடுத்தால்தான் இப்படி ஒரு தக்கை கிடைக்கும். நம் நாட்டில் ஆராய்ச்சி விண்ணப்பத்தில் முதல் பக்கத்திலேயே பயன் என்ன என்று கேட்கிறோம். இது தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். பயன் தெரிந்த இடத்திலாவது ஒழுங்காக இருக்கிறோமா? குன்னூரில் 1907-ல் தொடங்கிய பாஸ்டர் நிலையம் வெறிநாய்க்கடிக்கும் பிறகு குழந்தைகளின் முத்தடுப்பூசிக்கும் மருந்து செய்தது. 2008-ல் அதன் உற்பத்தி உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டு, 2010-ல்தான் திரும்பக் கிடைத்தது. தரக்குறை இருந்தால் முதலிலேயே பணம் போட்டுச் சரிசெய்திருக்க வேண்டும். நூறாண்டுப் பழமையுள்ள பொதுச் சொத்தைப் பூட்டி வைப்பது தீர்வாகாது.

குளிரில் நுண்ணுயிர்கள் சுணங்குவதால் நம் மலைகளுக்குக் கிடைத்த ஒரு செல்வமும் உண்டு. நீலகிரியின் மேட்டுச் சதுப்புகளில் கறுப்பாக, பஞ்சு மாதிரி ஒரு மண் இருக்கிறது. செத்த புல்லையும் இலையையும் முழுக்கத் தின்று முடிக்க அங்கே நுண்ணுயிர்களால் முடியவில்லை. குளிர் ஒரு பக்கம், தேங்கிய நீரில் ஆக்சிஜன் இல்லாதது இன்னொரு பக்கம். மிச்சம் அடுக்கடுக்காகச் சேர்ந்துகொண்டே வந்தது. யானை ஆய்வுக்குப் பேர்போன ராமன் சுகுமாரும் கூட்டாளிகளும் அந்த அடுக்குகளின் கார்பனை அளந்து, எந்தக் காலத்தில் புல் மிகுந்தது, எப்போது சோலைக்காடு மிகுந்தது, பருவமழை எப்படி ஏறி இறங்கியது என்று 20,000 ஆண்டு வரலாற்றை 1993-ல் வெளியிட்டார்கள். பாக்டீரியா தின்னாமல் விட்ட எழுத்தைப் படித்தார்கள் என்றே சொல்லலாம். சதுப்பை வடித்துக் காய்கறி போட்டாலோ, சுற்றிலும் சீகை (வாட்டில்) மரமும் யூக்கலிப்டஸும் நட்டு நீரை உறிஞ்ச விட்டாலோ ஆக்சிஜன் உள்ளே போகும். நின்றிருந்த பந்தி மறுபடி தொடங்கும். ஆயிரமாயிரம் ஆண்டுச் சேமிப்பு கரியமில வாயுவாக மேலே போகும்.

அப்புறம், ஃபிரிட்ஜ். உங்கள் கணவரிடம் வாங்கத்தான் வேண்டும் என்று சொல்லுங்கள். குளிர் எல்லா நுண்ணுயிர்களையும் நிறுத்துவதில்லை, ஆளை மாற்றுகிறது. பாலை மதுரையில் வெளியே வைத்தால் புளித்துத் திரியும். குளிரில் வைத்தால் புளிக்காது, நாலைந்து நாளில் கசக்கும். அது சூடோமோனாஸ் வகைகளின் வேலை. அவை குளிரிலும் பாலின் புரதத்தையும் கொழுப்பையும் நொதிகளால் அறுக்கின்றன. லிஸ்டீரியா என்ற நோய்க்கிருமி ஃபிரிட்ஜின் 4 டிகிரியிலும் மெல்ல வளரும், கர்ப்பிணிகளுக்கு அது பெரும் ஆபத்து. ஃபிரிட்ஜே முழுக் காவல் இல்லை என்றால், பகலில் 18, 20 டிகிரி தொடும் கொடைக்கானல் சமையலறை எப்படிக் காவலாகும்?

தண்ணீர் காய்ச்சும்போதும் கவனம் வேண்டும். இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அதனால் 6,500 அடிக்கு மேலே உள்ள ஊர்களில் தளதளவென்று கொதி வந்த பிறகு 3 நிமிடம் விடச் சொல்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். கொடைக்கானலும் ஊட்டியும் அந்தக் கணக்கில் வருகின்றன. குடிநீர்க் கிருமிகளுக்கு அது போதும். ஆனால் அரிசியோடு வரும் பாசில்லஸ் செரியஸின் வித்துகள் இந்தக் கொதியைத் தாங்கிக்கொள்ளும். மதியச் சோற்றைக் குளிர்தானே என்று ராத்திரி வரை அடுப்பு மேல் விட்டால் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கலாம். வாந்தி உண்டாக்கும் அந்த நஞ்சு பிரஷர் குக்கரில் வைத்தாலும் அழியாது. மீந்த சோற்றைச் சூடு தணிந்ததும் அகலமான பாத்திரத்தில் பரப்பி ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். மாவுப் பாத்திரம் மட்டும் கம்பளிக்குள் இருக்கட்டும்.