குழந்தைக்கு அலர்ஜி வந்தால் மரபணு மாற்றப்பட்ட உணவுதான் காரணமா?

சில மாதங்களுக்கு முன் ஒரு அம்மா, ஒரு வயது கூட நிறையாத பையனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். பாட்டி ஆசையாக நகக்கண் அளவு மைசூர்பாகை நாக்கில் வைத்திருக்கிறார், பத்து நிமிடத்தில் உதடு வீங்கி, கழுத்திலிருந்து வயிறு வரை தடிப்புத் தடிப்பாக எழும்பி, பிள்ளை இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டான். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் அவில் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் பருப்பு, முட்டை, பால், கோதுமை எல்லாம் நிறுத்தம். வெறும் அரிசிக் கஞ்சியும் ஆப்பிளும். எடை ஒன்றரை மாதமாக ஏறவே இல்லை.

"இப்ப வர்ற கடலை எல்லாம் மரபணு மாத்தினதாமே டாக்டர், அதனாலதான் இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு அலர்ஜி வருதாம்" என்று போனில் ஒரு வீடியோவைக் காட்டினார்.

இந்தக் கேள்வியை நான் அடிக்கடி கேட்கிறேன். தள்ளிவிடக்கூடிய கேள்வியும் இல்லை இது, ஏனென்றால் ஒருமுறை உண்மையிலேயே அப்படி நடக்க இருந்தது. தொண்ணூறுகளில் அமெரிக்காவின் பயனியர் என்ற விதை நிறுவனம், சோயாவில் குறைவாக இருக்கும் மெத்தியோனின் சத்தைக் கூட்டுவதற்காக பிரேசில் நட் கொட்டையின் ஒரு மரபணுவைச் சோயாச் செடிக்குள் வைத்தது. கால்நடைத் தீவனத்துக்கு என்றுதான் திட்டம். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில், பிரேசில் நட் ஒத்துக்கொள்ளாத 9 பேரின் ரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். அதில் 8 பேரின் ரத்தத்தில் இருந்த எதிர்ப்புப் பொருள் அந்தப் புதுச் சோயாவின் மேல் பாய்ந்தது. எந்த மரபணுவை மாற்றி வைத்தார்களோ, அது கொடுக்கும் புரதமே அந்தக் கொட்டையின் முக்கிய அலர்ஜிப் பொருள்! 1996-ல் இந்த ஆய்வு வெளியானது. அந்தச் சோயா கடைக்கு வரவே இல்லை.

ஆக, மரபணு மாற்றத்தால் அலர்ஜி வர வாய்ப்பே கிடையாது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு மரபணுவை வைத்தால் ஒரு புதுப் புரதம் வரும், உணவு அலர்ஜி என்பது பெரும்பாலும் ஏதாவது ஒரு புரதத்தை உடம்பு எதிரியாக நினைத்து ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருளைச் செய்து வைத்துக்கொள்வதுதான். அதனால்தான் புதுப் புரதம் தெரிந்த அலர்ஜிப் புரதங்களைப் போல இருக்கிறதா, வயிற்று நொதியில் சீக்கிரம் உடைகிறதா என்றெல்லாம் முன்னாலேயே பார்க்கவேண்டும் என்று 2003-ல் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் வழிகாட்டி வந்தது. தீவனத்துக்கு மட்டும் அனுமதித்த ஸ்டார்லிங்க் என்ற மரபணு மாற்றப்பட்ட மக்காச்சோளம் 2000-ல் அமெரிக்காவில் மனிதர்கள் சாப்பிடும் டாக்கோ என்ற சோள ரொட்டியில் கலந்துவிட்டது, பெரிய அமளி. அதைச் சாப்பிட்டு அலர்ஜி வந்ததாகச் சொன்னவர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது அந்தப் புரதத்துக்கான ஐஜிஇ அவர்களிடம் இல்லை. ஆனாலும் அந்தச் சோளத்தைத் திரும்பப் பெற்றார்கள். அதுதான் சரியும்கூட.

சரி, அலர்ஜி கூடிக்கொண்டே போவதற்கு இதுவா காரணம்? அமெரிக்கர்கள் 1996-லிருந்து மரபணு மாற்றப்பட்ட சோயாவும் சோளமும் சாப்பிடுகிறார்கள். பிரிட்டனில் அநேகமாகச் சாப்பிடுவதே இல்லை. ஆனால் குழந்தைகளின் உணவு அலர்ஜி இரண்டு நாட்டிலும் ஒரே மாதிரிதான் ஏறியிருக்கிறது. அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமி 2016-ல் இதைத்தான் எடுத்துக் காட்டியது. எனக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் தேவைப்படவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே வயலில் விளையும் மரபணு மாற்றப்பட்ட பயிர் என்று அரசு அனுமதியோடு இருப்பது பி.டி. பருத்தி (புழுவை எதிர்க்க ஒரு பாக்டீரியாவின் மரபணுவை வைத்தது), 2002-லிருந்து. பி.டி. கத்தரிக்காயை 2010-ல் நிறுத்தி வைத்தார்கள். கடுகுக்கு 2022-ல் கிடைத்த அனுமதி உச்ச நீதிமன்றத்தில் போய் நிற்கிறது. கொண்டைக்கடலை, வேர்க்கடலை, முட்டை, இறால், எள், முந்திரி என்று நான் தினமும் அலர்ஜி பார்க்கிற எதுவும் மரபணு மாற்றப்பட்டு நம் கடைக்கு வரவில்லை. ஹைபிரிட் தக்காளி, விதையில்லாத் திராட்சை, பிராய்லர் கோழி எல்லாவற்றையும் மக்கள் இந்தக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அதெல்லாம் கலப்பினச் சேர்க்கை, தேர்ந்தெடுத்து வளர்த்தது, வேறு சங்கதி.

பருத்திக்கொட்டை எண்ணெயும், வெளிநாட்டுச் சோயா எண்ணெயும் நம் வாய்க்குள் போகத்தான் செய்கின்றன. ஆனால் சுத்திகரித்த எண்ணெயில் புரதம் அநேகமாக மிஞ்சுவதில்லை. மதுரைப் பக்கம் குடிக்கிற பருத்திப்பால் கதை வேறு, அது கொட்டையை அரைத்துப் பிழிவது, புரதம் உண்டு, இன்றைக்குப் பருத்தியில் 90 சதவீதத்துக்கு மேல் பி.டி. ரகம்தான். ஆனால் பருத்திக்கொட்டை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பது மரபணு மாற்றம் என்ற பேச்சே இல்லாத காலத்திலிருந்து மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம்.

இதையெல்லாம் அந்த அம்மாவிடம் சொல்லிக்கொண்டே பையனின் சட்டையைக் கழற்றினேன். முழங்கை மடிப்பிலும் கன்னத்திலும் சிவந்து, வெடித்து, நீர் கசிந்த தோல். மூன்றாவது மாதத்திலிருந்து கரப்பான், அதாவது எக்ஸிமா என்ற தோல் நோய். "எதைப் போட்டுக் குளிப்பாட்டுறீங்கம்மா?" என்றேன். "சோப்பே போடுறதில்ல டாக்டர், கெமிக்கல்னு. கடலைமாவும் பயத்தமாவும்தான்."

என் சந்தேகம் முழுக்க அங்கேதான் போனது. நல்ல தோலில் மாவு தேய்த்தால் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. வெடித்த தோல் வழியாக உணவுப் புரதம் உள்ளே போகும்போதுதான் உடம்பு அதைக் கிருமி போலப் பாவித்து எதிர்க்கப் பழகுகிறது. அதே பொருள் வாய் வழியாக உரிய வயதில் போனால் பொறுத்துக்கொள்ளப் பழகுகிறது. ஜப்பானில் கோதுமைப் புரதம் கலந்த ஒரு முகச் சோப்பு விற்றார்கள். அதைப் போட்டு முகம் கழுவியவர்களில் 2000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கோதுமை அலர்ஜி வந்தது. ரொட்டியும் நூடுல்ஸும் ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்! 2011-ல் அந்தச் சோப்பைத் திரும்பப் பெற்றார்கள்.

வாய் வழிக்கும் ஆதாரம் இருக்கிறது. லண்டனில் 640 கைக்குழந்தைகளைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சின்ன வயதிலேயே வேர்க்கடலை கொடுத்தார்கள், மறு பாதிக்கு ஐந்து வயது வரை கண்ணிலேயே காட்டவில்லை. எல்லோருமே கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்த குழந்தைகள். 2015-ல் முடிவு வந்தது. தவிர்த்தவர்களில் 17.2 சதவீதத்துக்கு வேர்க்கடலை அலர்ஜி, சாப்பிட்டவர்களில் 3.2 சதவீதத்துக்கு மட்டும். அலர்ஜி ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளுக்கு மூன்று வயது வரை வேர்க்கடலை கொடுக்காதீர்கள் என்று 2000-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே சொன்னது, 2008-ல் அந்த அறிவுரையை விலக்கிக்கொண்டது. எங்கள் தொழிலே சொல்லிக்கொடுத்த தவறு அது.

அப்புறம் இந்த ரத்தப் பரிசோதனை பேக்கேஜ். நூறு உணவுக்கு ஒரே டெஸ்ட் என்று எடுத்துக்கொண்டு நான்கு பக்கம் சிவப்புக் கோடு போட்ட தாளோடு வருகிறார்கள். கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடத்திய ஆய்வில் 26.5 சதவீதம் பேரின் ரத்தத்தில் ஏதோ ஒரு உணவுக்கு ஐஜிஇ இருந்தது, உண்மையில் அலர்ஜி இருக்கலாம் என்று கண்டது 1.2 சதவீதம் பேரிடம்தான். சாப்பிட்டு ஒன்றும் ஆகாத உணவை, தாளில் சிவப்பாக இருக்கிறது என்பதற்காக நிறுத்தாதீர்கள். கரப்பான் உள்ள குழந்தைக்கு அப்படி நிறுத்தினால் இல்லாத அலர்ஜி புதிதாக வந்து சேரும் ஆபத்து இருக்கிறது.

அந்தப் பையனுக்கு அன்றைக்கே போட்டிருக்கவேண்டியது அவில் இல்லை. உணவு சாப்பிட்டதும் தடிப்போடு வாந்தியோ, மூச்சுத் திணறலோ, துவண்டுபோவதோ சேர்ந்தால் தொடையின் வெளிப்பக்கத் தசையில் அட்ரினலின் போடவேண்டும், உடனே. அவில் அரிப்பைக் குறைக்கும், மூச்சைக் காப்பாற்றாது. உங்கள் தெரு கிளினிக்கில் அட்ரினலின் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மாவை நிறுத்தி, தோலுக்கு மருந்தும் மாய்ஸ்சரைசரும் விடாமல் போட்டு, கரப்பான் ஆறியபிறகு தோல் பரிசோதனை செய்தோம். கொண்டைக்கடலைக்குப் பெரிய தடிப்பு. மற்றவை சுத்தமாக இருந்தன, துவரம்பருப்புக்கு மட்டும் லேசான சந்தேகம். அதனால் மருத்துவமனையில், அட்ரினலினைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, வேகவைத்துக் கடைந்த பருப்பைக் கால் ஸ்பூனில் ஆரம்பித்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டே போனோம். அம்மா ஒவ்வொரு வாய்க்கும் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கிண்ணம் காலியான பிறகும் இரண்டு மணி நேரம் உட்காரவைத்தோம், ஒன்றும் ஆகவில்லை. கடலைமாவு மட்டும் இன்னும் கொஞ்ச காலத்துக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்குக் கிளம்பும்போது, "அப்ப ராத்திரி சாம்பார் சாதம் குடுக்கலாமா டாக்டர்?" என்று கேட்டார். கொடுங்கம்மா, நெய்யும் விட்டுப் பிசைந்து கொடுங்கள் என்றேன்.