பழைய வால்வு ஆம்ப் கைக்கு வந்ததும் ப்ளக்கில் சொருகாதீர்கள்

போன ஐப்பசி அடைமழையில் ஒருநாள் சாயங்காலம், மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி தார்ப்பாய் சுற்றிய பெட்டி ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கும்பகோணத்தில் உள்ள என் பட்டறைக்கு வந்தார். தார்ப்பாயை அவிழ்க்கும் முன்பே வாசனை வந்துவிட்டது. டிரான்ஸ்ஃபார்மர் வார்னிஷ் கருகிய வாசனை. பம்புசெட் மோட்டாரில் காயில் எரிந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதே வாசனைதான்.

உள்ளே இருந்தது 1960களின் அமெரிக்க கிட்டார் ஆம்ப், கண்ணாடிக் குழாய் வால்வுகளால் ஓடும் ரகம். இரண்டு 12 அங்குல ஸ்பீக்கரும் ஆம்ப்பும் ஒரே பெட்டியில் அடங்கிய காம்போ. அமெரிக்காவிலிருந்த சின்ன மாமா ஊரோடு வந்தபோது கொண்டுவந்தது.

"ப்ளக்கு நம்ம பாயின்ட்ல சேரலைண்ணே. எலெக்ட்ரீஷியன் அதை வெட்டிட்டுப் புதுசு போட்டாரு. போட்டதும் ஃபியூஸ் போச்சு. அப்புறம் ஒயர் கம்பி ஒண்ணை வச்சுச் சுத்தினோம். ஒரு நிமிஷம்கூட ஆகலை, டப்புன்னு சத்தம், ஒரே புகை."

பின்பக்கத் தகட்டில் 117 வோல்ட் என்று அச்சிட்டே இருந்தது. நம் வீட்டுக்கு வருவது 230. பவர் டிரான்ஸ்ஃபார்மரின் முதல் சுற்றுக்கு இரண்டு மடங்கு அழுத்தம் போனால் இரும்புக் கோர் தாங்காது, மின்சாரத்தை அள்ளி இழுக்கும். உள்ளே 430 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணூறைத் தாண்டியிருக்கும். மின்சாரத்தைத் தேக்கிவைத்துச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சர்கள் வெடித்து, காகிதமும் பசையும் சேசிஸ் என்கிற உள் உலோகத் தட்டு முழுக்க ஒட்டியிருந்தன. முதலில் போன அந்த ஃபியூஸ் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. அதை நம்பி அங்கேயே நிறுத்தியிருந்தால் பெரும்பாலானவை பிழைத்திருக்கும்.

இந்த மாதிரி பெட்டிகள் டெல்டாவில் நாம் நினைப்பதைவிட அதிகம். கலைந்துபோன மெல்லிசைக் குழுக்களின் பரணில், நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கத்துத் தேவாலயங்களின் சாமான் அறையில், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் வீட்டில், காயலான் கடையில் எல்லாம் கிடக்கின்றன. இப்போது இளைஞர்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள். எனக்கு அதில் பெரிய சந்தோஷம். ஆனால் வாங்கியவர்கள் செய்யும் முதல் காரியம் ப்ளக்கில் சொருகிப் பார்ப்பது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வோல்ட் சரியாக இருந்தாலும் சொருகக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன். ஃபில்டர் கண்டென்சரின் உள்ளே அலுமினியத் தாளின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று உண்டு. அதுதான் இன்சுலேஷன். ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும் வரை அந்தப் படலம் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். பத்து இருபது வருஷம் சும்மா கிடந்தால் மெலிந்துபோகும், உள்ளேயிருக்கும் ஈரப்பசையும் காயும். அந்த நிலையில் திடீரென்று நானூறு வோல்ட் ஏறினால் கண்டென்சர் ஷார்ட் ஆகிவிடும். கூடவே ஏ.சி.யை டி.சி.யாக்கும் ரெக்டிஃபயர் வால்வையும் டிரான்ஸ்ஃபார்மரையும் இழுத்துக்கொண்டு போகும். கண்டென்சரின் விலை சில நூறு ரூபாய். அந்தக் காலத்து டிரான்ஸ்ஃபார்மரை எந்த விலைக்கும் வாங்க முடியாமல் போகலாம்.

இதே கண்டென்சர் ஆளையும் கொல்லும். எனக்குப் பத்தொன்பது வயது. பழைய ஆம்ப் ஒன்றைத் திறந்து வைத்திருந்தேன். ப்ளக்கைக் கழற்றி அரை மணி நேரம் ஆகியிருந்தது. கரண்ட் இல்லையே என்று வலது கையில் சேசிஸைப் பிடித்துக்கொண்டு இடது கையை உள்ளே விட்டேன். நெஞ்சுக்குள் யாரோ உதைத்த மாதிரி இருந்தது. பட்டறைச் சுவரில் போய் மோதினேன். இரண்டு நாள் கை நடுங்கியது. வடியும் வழி இல்லாத கண்டென்சரில் மின்னேற்றம் மணிக்கணக்கில் நிற்கும். அன்றிலிருந்து எனக்கு மூன்று பழக்கம்: ப்ளக்கைக் கழற்றி என் கண்ணெதிரே மேஜைமேல் வைப்பேன்; 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட் செய்த கிளிப்பில் மாட்டி ஒவ்வொரு கண்டென்சராக வடிப்பேன்; மல்ட்டிமீட்டரில் 5 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைப் பார்த்த பிறகுதான் கை வைப்பேன். அளக்கும்போது ஒரு கை சட்டைப் பையில். ஸ்க்ரூடிரைவரால் தட்டி ஷார்ட் செய்வதைப் பலர் இன்னும் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்; கண்ணுக்கும் ஆபத்து, கண்டென்சருக்கும் கேடு.

இந்த வேலை பழகாதவர்கள் சேசிஸைத் திறக்கவே வேண்டாம். வெளியிலிருந்து பார்க்க வேண்டியதே நிறைய இருக்கிறது. எந்த வோல்ட் என்று பாருங்கள். ஃபியூஸில் கம்பியோ சிகரெட் அட்டை வெள்ளித்தாளோ சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். கரண்ட் கயிறு இரண்டு பின் உள்ளதா என்று பாருங்கள். இந்தக் கடைசி விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

பழைய அமெரிக்க ஆம்ப்களில் எர்த் கம்பி கிடையாது. அதற்குப் பதிலாக மெயின் லைனில் ஒன்றுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு சின்ன கண்டென்சர் இருக்கும். பெரும்பாலும் 0.047 மைக்ரோ ஃபாரட். ஹம் சத்தத்தைக் குறைக்க வைத்தது. வயதாகி அது கசிந்தால் சேசிஸ் முழுக்க ஃபேஸ். சேசிஸிலிருந்து கிட்டார் கயிற்றின் ஷீல்டு, அங்கிருந்து தந்தி, தந்தியில் உங்கள் விரல். மெக்கானிக்குகள் அதற்கு எமன் கண்டென்சர் என்று பேர் வைத்தால் தப்பில்லை. அதை எடுத்துவிட்டு மூன்று பின் கயிறு போட்டு, எர்த்தைச் சேசிஸில் தனி போல்ட்டில் இறுக்க வேண்டும். ஒரிஜினலாகவே இருக்க வேண்டும் என்று விரும்பும் சேகரிப்பாளர்களிடமும் இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

1972ல் ஸ்வான்சீ நகரில் ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி மேடையிலேயே இறந்தார். ஒரு கையில் கிட்டார், இன்னொரு கை மைக்கைத் தொட்டது, எர்த் சரியில்லை. நம் திருவிழா மேடைகளை நினைத்துப் பாருங்கள். வயலோரப் பந்தல், கீழே ஈர மண், பக்கத்தில் எர்த் ராடு அடிக்காத ஜெனரேட்டர், ஆம்ப் ஒரு லைனிலும் மைக் செட் வேறு லைனிலும். உதட்டில் மைக் பட்டதும் சுரீர் என்றால் அது சும்மா ஷாக் என்று விட்டுவிடாதீர்கள். பாட்டை நிறுத்திவிட்டு எர்த்தைப் பாருங்கள். ஆம்ப்பையும் மைக் செட்டையும் ஒரே போர்டில் எடுங்கள். மின்கசிவு வந்தால் தானே அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வைத்த போர்டாக இருக்கட்டும்.

சரி, முதல் தடவை எப்படித்தான் ஓட்டுவது? சீரீஸ் பல்பு போட்டுத்தான். ஃபேஸ் கம்பி ஒரு குண்டு பல்பு வழியாக ஆம்ப்புக்குப் போகும்படி ஒரு போர்டு. எல்.இ.டி. பல்பு உதவாது, இழை உள்ள 60 அல்லது 100 வாட் பல்புதான் வேண்டும். (இப்போது கடைகளில் அருகிவிட்டது; கிடைத்தால் நாலைந்து வாங்கி வையுங்கள்.) பவர் வால்வுகளைக் கழற்றிவிட்டு ஸ்விட்சைப் போட்டால், பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்க வேண்டும். மங்காமல் முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட். வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் வைத்து மெல்ல மெல்ல ஏற்றலாமே என்று கேட்பார்கள். வால்வு ரெக்டிஃபயர் உள்ள ஆம்ப்பில் அதன் இழை சூடாகும் வரை கண்டென்சருக்கு ஒன்றுமே போகாது. பிறகு குபுக்கென்று ஏறும். அதனால் நான் பழைய ஃபில்டர் கண்டென்சர்களை மாற்றிவிடுவதே நல்லது என்கிற கட்சி.

ஸ்பீக்கர் கயிறு இல்லாமல் வால்வு ஆம்ப்பை ஒருபோதும் ஓட்டாதீர்கள். போக இடமில்லாத சக்தி, வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குள்ளேயே வோல்டேஜாக எழும்பி இன்சுலேஷனைத் துளைத்துவிடும். ஓம் கணக்கும் முக்கியம்: இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரைப் பேரலலில் போட்டால் 4, சீரீஸில் 16. டெல்டாவில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை தெருவுக்கு ஒன்று இருக்கிறது. பவர் டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்று எண்ணிக் கொடுத்தால் அவர்களில் கைதேர்ந்தவர்கள் அருமையாகக் கட்டுவார்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் அப்படியல்ல. அதில் இரண்டு சுற்றுகளும் அடுக்கடுக்காக மாறி மாறி வரும். அந்த அடுக்கு தப்பினால் நாதமே போய்விடும்.

மாடிஃபை செய்வதே தப்பு என்பவன் இல்லை நான். 1960களின் தொடக்கத்தில் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் உருவான ஜே.டி.எம்.45 ஆம்ப், அமெரிக்க ஆம்ப்பான ஃபெண்டர் பேஸ்மேனின் சர்க்யூட்டை அடியொற்றியதுதான். என் கணக்கு ஒன்றே: திரும்பப் பழையபடி வைக்க முடிகிற மாற்றமா? முதல் இடத்து 12ஏஎக்ஸ்7 வால்வை எடுத்துவிட்டு 5751 வால்வு போட்டால் கெயின், அதாவது பெருக்கும் அளவு, நூறிலிருந்து எழுபதாக இறங்கும், சத்தம் சுத்தமாகும். பிடிக்கவில்லையா, பழையதைச் சொருகிக்கொள்ளலாம். மாஸ்டர் வால்யூம் குமிழுக்காக முன் தகட்டில் ட்ரில் போட்டால் அந்த ஓட்டையை யாராலும் அடைக்க முடியாது. கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் கவரில் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி, பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.

ஸ்பீக்கருக்கும் இதேதான். ஃபிரேமில் 220-6532 என்று குத்தியிருந்தால், 220 ஜென்சன் என்கிற ஸ்பீக்கர் கம்பெனியின் எண், 65 வருஷம், 32 அந்த வருஷத்து வாரம். இது தெரியாமல் கிழிந்த கோனோடு எடைக்குப் போட்டவர்களை எனக்குத் தெரியும். கோனை இரண்டு கை விரல்களையும் விரித்து மெல்ல அழுத்துங்கள். சரசரவென்று உரசினால் உள்ளிருக்கும் கம்பிச்சுருள் சாய்ந்திருக்கிறது. நம் ஊர் ஈரத்தில் காகிதக் கோன் தளரும், பூஞ்சை பிடிக்கும். பைன் மரப் பெட்டியைக் கரையான் உள்ளுக்குள் தின்றுவிட்டு வெளியே துணி மட்டும் நிற்கும். தரையிலும் சுவரோரமும் வைக்காதீர்கள். 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு வேதாரண்யம் பக்கத்திலிருந்து நனைந்த ஆம்ப்கள் வந்தன. ஒரு வாரம் மிதமான சூட்டில் உலர்த்தி, மெக்கர் வைத்து இன்சுலேஷன் பார்த்த பிறகே ஓட்டினேன். மேலே காய்ந்துவிட்டதே என்று வீட்டில் போட்டுப் பார்த்தவர்களின் டிரான்ஸ்ஃபார்மர்கள் எரிந்தே வந்தன.

மயிலாடுதுறைத் தம்பியின் ஆம்ப்புக்கு 230 வோல்ட்டுக்கே பவர் டிரான்ஸ்ஃபார்மர் கட்டினோம். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் ஸ்பீக்கர்களும் தப்பித்திருந்தன. கருகிய டிரான்ஸ்ஃபார்மரைத் துணிப்பையில் கட்டி அவரிடமே கொடுத்தேன். தை மாதம் எடுத்துப்போக வந்தவர் முதலில் பின்பக்கம் குனிந்து தகட்டைப் படித்தார், பிறகு ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தார், அப்புறம் ஸ்பீக்கர் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, "இப்ப போடலாமாண்ணே?" என்று கேட்டார்.