பள்ளி திறந்தாயிற்று, ஆசிரியர் இல்லை: சட்டம் சொல்லும் எண்ணிக்கையும் செட்டிநாட்டுப் பெற்றோர் கேட்க வேண்டிய முறையும்

சென்ற ஜூன் மாதம், பள்ளி திறந்த இரண்டாம் வாரத்தில், காரைக்குடியிலிருந்து நகரப் பேருந்து போகும் ஒரு கிராமத்தின் தொடக்கப் பள்ளிக்குப் போயிருந்தேன். ஐந்து வகுப்புப் பிள்ளைகளும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியை ஒருவர்தான். முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை ‘எண்ணும் எழுத்தும்’ முறைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைவாரியாகப் பிரித்துப் பாயில் அமர்த்திவிட்டு, நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்குக் கரும்பலகையில் வகுத்தல் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கைபேசி ஒலித்தது, அலுவலகத்திலிருந்து ஏதோ ஒரு விவரம் உடனே வேண்டுமென்றார்கள். ஈவு எழுதிய இடத்திலேயே கணக்கு நின்றுபோனது. இன்னோர் ஆசிரியர் மே மாதக் கலந்தாய்வில் மாறுதல் பெற்றுப் போய்விட்டார் என்றும், அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை என்றும் வாசலில் நின்ற தாய்மார்கள் சொன்னார்கள். அடுத்த வாரம் வேன் வரும் பள்ளியில் சேர்த்துவிடலாமா என்ற யோசனையில் அவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் வேண்டும் என்பது அதிகாரிகளின் விருப்பத்துக்கு விடப்பட்ட விஷயம் அன்று. 2009ஆம் ஆண்டின் இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் இறுதியில் உள்ள அட்டவணை இந்த எண்ணிக்கையை வகுத்துவிட்டது. ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை சேர்ந்திருந்தால் இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூவர். 91 முதல் 120 வரை நால்வர். 121 முதல் 200 வரை ஐவர். பிள்ளைகள் 150க்கு மேற்பட்டால் இந்த ஐவருக்கு மேல் ஒரு தலைமையாசிரியரும் வேண்டும். ஆறு முதல் எட்டு வரை வகுப்புக்கு ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும். அவர்களில் அறிவியலும் கணிதமும் சேர்ந்த பிரிவுக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிகளுக்கு ஒருவர் அமைய வேண்டும். 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற அளவும் குறையக் கூடாது.

பத்துப் பிள்ளைகளே படித்தாலும் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்பது இதில் கவனிக்க வேண்டிய செய்தி. பிள்ளைகள் குறைவு, ஒருவர் போதும் என்று யாராவது சொன்னால் அது சட்டத்தின் பேச்சு அன்று.

இதைவிட வலுவானது 26ஆம் பிரிவு. ஒரு பள்ளிக்கு ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்களில் பத்து விழுக்காட்டுக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது என்று அது சொல்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். இரண்டு ஆசிரியர் பள்ளியில் ஓர் இடம் காலியானால் காலியிடம் ஐம்பது விழுக்காடு. ஐந்து ஆசிரியர் பள்ளியில் ஓர் இடம் என்றால் இருபது விழுக்காடு. ஆகப் பத்துக்குக் குறைவான பணியிடங்கள் உள்ள எந்தப் பள்ளியிலும் ஒரே ஓர் இடம் காலியாகக் கிடந்தாலும் வரம்பு மீறியாயிற்று. நம் பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை இந்த அளவில் உள்ளவையே என்பதால், இந்த ஒரு பிரிவை மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது.

ஆண்டின் தொடக்கத்தில் இந்தக் குறை ஏன் பளிச்சென்று தெரிகிறது என்பதற்குக் காரணம் உண்டு. ஓய்வுபெறும் வயது 60. கல்வியாண்டின் நடுவில் ஓய்வுபெறும் ஆசிரியர்கள், மாணவர் நலன் கருதி, அந்த ஆண்டு முடியும் வரை மறுநியமனம் பெறுவது வழக்கம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் பன்னிரண்டு மாத ஓய்வுகளும் சேர்ந்து ஜூன் மாதத்தில் ஒரே நேரத்தில் காலியிடங்களாகத் தெரிகின்றன. அதனோடு பொது மாறுதல் கலந்தாய்வும் சேர்ந்துகொள்கிறது. காரைக்குடி, தேவகோட்டை போன்ற ஊர்களை ஒட்டிய இடங்களையே எவரும் முதலில் தேர்ந்தெடுப்பார்கள். ஒரு நாளைக்கு நான்கு நடை பேருந்து மட்டுமே போகும் உள்கிராமம் கடைசியில்தான் நிரம்பும். நிரம்பாமலும் போகும். ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. சிறு குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு இரண்டு பேருந்து மாறி வரும் ஆசிரியைகளை எனக்குத் தெரியும். பதவி உயர்வுக்கும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி வேண்டுமா என்ற வழக்கும் பல தலைமையாசிரியர் இடங்களைப் பொறுப்பு ஆசிரியர்களிடமே நிறுத்தி வைத்தது. தேர்ச்சி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தீர்ப்பளித்தது.

இனி, அந்தத் தாய்மார்களிடம் நான் அழுத்திச் சொன்ன விஷயம். தமிழ்நாட்டில் ஆசிரியர் பணியிட நிர்ணயம் ஆகஸ்ட் 1 அன்று உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்துச் செய்யப்படுகிறது. அந்த எண்ணிக்கைக்கு மேற்பட்ட ஆசிரியர் ‘உபரி’ என்று கணக்கிடப்பட்டு, பணிநிரவல் மூலம் வேறு பள்ளிக்கு அனுப்பப்படுவார். ஜூனில் ஆசிரியர் இல்லை என்று ஜூலையில் பத்துப் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றினால், 65 பேர் இருந்த பள்ளி 55 பேர் உள்ள பள்ளியாகிவிடும். மூன்றாவது ஆசிரியர் இடத்துக்கு இருந்த நியாயமே போய்விடும். தற்காலிகமாக இருந்த குறை அப்போது நிரந்தரமாகும். ஒரு பெற்றோர் தன் பிள்ளையின் நலனைப் பார்ப்பதை எவரும் குறை சொல்ல முடியாது. ஆனாலும், மாற்றுச் சான்றிதழ் வாங்குவதற்கு முன் ஒரு மனு எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மனு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்றால், பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து. சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். பாதிப் பேர் பெண்கள். கூட்டத்தில் மூன்று எண்களைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: சேர்ந்துள்ள பிள்ளைகள் எத்தனை, ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, இன்று வகுப்பில் நிற்கும் ஆசிரியர் எத்தனை. மூன்றாவது எண்ணில் கவனம் வேண்டும். மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ போயிருப்பவர் பதிவேட்டில் இந்தப் பள்ளியில்தான் இருப்பார். காலியிடமே இல்லை என்று பதில் வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறு கல்வி சாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்பது 27ஆம் பிரிவு.

நிரந்தர ஆசிரியர் வரும் வரை தற்காலிக ஆசிரியரைக் குழுவின் மூலம் அமர்த்தும் ஏற்பாடு 2022இல் வந்தது. அந்த ஆண்டு அரசு கணக்கிட்ட காலியிடங்கள் 13,331; அவற்றில் இடைநிலை ஆசிரியர் இடங்கள் 4,989, பட்டதாரி ஆசிரியர் இடங்கள் 5,154, முதுகலை ஆசிரியர் இடங்கள் 3,188. வழக்கு வந்து, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் தலையீட்டுக்குப் பின் நெறிமுறைகள் திருத்தப்பட்டு, தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றவர்களுக்கு முன்னுரிமை தரப்பட்டது. தொடக்கத்தில் இந்த மூன்று நிலைகளுக்கும் முறையே 7,500, 10,000, 12,000 ரூபாயாக இருந்த தொகுப்பூதியம் பின்னர் 12,000, 15,000, 18,000 ரூபாயாக உயர்ந்தது. தகுதி பெற்ற ஒருவர் உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ இருந்தால், அவரைத் தலைமையாசிரியரிடம் விண்ணப்பம் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். இது இடைக்கால மருந்து மட்டுமே; தற்காலிக ஆசிரியர் வந்துவிட்டார் என்பதற்காக நிரந்தரப் பணியிடத்துக்கான கோரிக்கையைக் கைவிட்டுவிடக் கூடாது.

செட்டிநாட்டில் இரண்டு விஷயங்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். நம் ஊர்கள் இரண்டு மாவட்டங்களில் கிடக்கின்றன: காரைக்குடி, தேவகோட்டை, கல்லல் பக்கம் சிவகங்கை மாவட்டம், திருமயம், அரிமளம் பக்கம் புதுக்கோட்டை மாவட்டம். மாவட்டம் மாறிக் கொடுத்த மனு மேசை மேசையாகப் போய்க் காலத்தைத் தின்னும். மற்றொன்று, நகரத்தார் அறக்கட்டளைகள் நிறுவிய அரசு உதவிபெறும் பள்ளிகள். அங்கே சம்பளம் அரசுடையது, நியமனம் பள்ளி நிர்வாகத்துடையது. அட்டவணை எண்ணிக்கை அவற்றுக்கும் பொருந்தும். ஆனால் 2012ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் அப்பள்ளிகளில் மேலாண்மைக் குழு ஆலோசனை மட்டுமே கூற முடியும். ஆகவே மனுவின் ஒரு படியைப் பள்ளிச் செயலருக்கும் தர வேண்டும்.

தொடக்க, நடுநிலைப் பள்ளியானால் தீர்மானத்தின் நகலோடு வட்டாரக் கல்வி அலுவலரிடம் முதலில் கொடுங்கள். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளியானால் மாவட்டக் கல்வி அலுவலரிடம். பிறகு முதன்மைக் கல்வி அலுவலர், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டம். கல்வித் துறையின் உதவி எண் 14417, முதலமைச்சர் உதவி மையம் 1100. ஆகஸ்ட் 15 கிராம சபையிலும் தீர்மானம் போடலாம். அதற்குள் ஆகஸ்ட் 1 தாண்டிவிடும் என்பதால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். பணியிட எண்ணிக்கையைச் சொல்ல மறுத்தால், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும்.

எங்கே கொடுத்தாலும் தேதியிட்ட ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி எழுத்து மூலமான குறைக்கு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்லப்பட வேண்டும். முடிவு நிறைவளிக்காவிட்டால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். அந்த மூன்று மாதம் நீங்கள் மனு கொடுத்த தேதியிலிருந்துதான் எண்ணப்படும். ஜூன் மத்தியில் கொடுத்தால் செப்டம்பரில், காலாண்டுத் தேர்வு வரும் வேளையில் கெடு முடிகிறது; ஆகஸ்டில் கொடுத்தால் அரையாண்டுத் தேர்வு நெருங்கிவிடும்.