வெறும் தகட்டுக்கு முதல் கோட்: அம்பாசிடரும் துருவும்

பெயின்ட் அடித்துவிட்டால் தண்ணீர் உள்ளே போகாது, அதனால் துருப் பிடிக்காது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். கேம்பிரிட்ஜில் உலோக அரிப்பை ஆராய்ந்த ஜே. இ. ஓ. மெய்ன் 1950களில் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். பல பெயின்ட்டுகளின் வழியே கசியும் நீரும் ஆக்சிஜனும், பெயின்ட்டே இல்லாத இரும்பு துருப்பிடிக்கப் போதுமான அளவுக்கு இருந்தன. அப்படியும் பெயின்ட் அடித்த தகடு வருடக்கணக்கில் தாங்குகிறதே? படலம் முக்கியமாகத் தடுப்பது தண்ணீரை அல்ல, அயனிகளின், அதாவது மின்னேற்றம் உள்ள துகள்களின், நடமாட்டத்தை என்பது அவர் சொன்ன விளக்கம்.

பழைய காரைப் புதுப்பிக்க இறங்குபவர் இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். எந்த பிரைமர் (வெறும் தகட்டுக்கு அடிக்கும் முதல் கோட்), எதற்கு மேல் எது என்ற குழப்பத்தில் பாதி தானாகவே தெளிந்துவிடும்.

துரு என்பது ஒரு சின்ன மின்சுற்று. தகட்டில் ஓரிடத்தில் இரும்பு எலக்ட்ரான்களை விட்டுவிட்டுக் கரைகிறது. அந்த எலக்ட்ரான்கள் தகட்டின் வழியே ஓடி, இன்னோரிடத்தில் நீரோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து காரத்தை உண்டாக்குகின்றன. இந்தச் சுற்று முழுமையாக வேண்டுமென்றால் இரண்டு இடங்களுக்கும் நடுவே ஈரத்தில் அயனிகள் நகர வேண்டும். உப்பு இருந்தால் அந்த வழி அகலத் திறந்துவிடும். நல்ல படலம் வெளியிலிருந்து வரும் உப்பை நிறுத்தும். ஆனால் பெயின்ட் அடிக்கும் முன்பே தகட்டில் உப்பு ஒட்டியிருந்தால்? உள்ளே கசியும் நீர் அதைக் கரைக்கும். கரைந்த உப்பு சவ்வூடு பரவலால் இன்னும் நீரை இழுக்கும். சில மாதத்தில் பெயின்ட்டின் மேல் குட்டிக் குட்டிக் கொப்புளங்கள் கிளம்பும்.

அதே கேம்பிரிட்ஜில் யு. ஆர். எவன்ஸ் செய்த சோதனை ஒன்று உண்டு. பளபளப்பான இரும்பின் மேல் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர், அதில் நிறம் காட்டும் வேதிப்பொருள்கள். சொட்டின் நடுவில் நீல நிறம் வந்தது, அதாவது அங்கே இரும்பு கரைகிறது. காற்று நன்றாகப் படும் ஓரங்களில் இளஞ்சிவப்பு, அதாவது அங்கே காரம் உண்டாகிறது. காற்று குறைவாகப் போகும் இடம்தான் கரைகிறது! திறந்து கிடக்கும் பானட்டைவிட, இரண்டு தகடுகள் ஒட்டிய மடிப்புக்குள்ளும் சேறு அப்பிய மூலையிலும் துரு ஆழமாகத் தின்பது ஏன் என்று இதிலிருந்து புரியும்.

அம்பாசிடரை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் வாரிசு, உத்தர்பாராவில் 2014 வரை தயாரானது. அதற்குத் தனியாக சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. மடித்து வெல்டு வைத்த உடம்புதான் சுமை தாங்குகிறது. ஆகவே கதவுக்கு அடியில் ஓடும் பெட்டித் தகடு துருப்பிடித்தால் போவது அழகு மட்டுமில்லை, வண்டியின் பலமும்தான். அங்கே பட்டி (பள்ளம் நிரப்பும் பூச்சு) பூசி மறைப்பதை நான் வேலை என்றே சொல்ல மாட்டேன். அழுகிய தகட்டை வெட்டி எடுத்துவிட்டு நல்ல தகட்டை வெல்டு வைக்க வேண்டும்.

சுத்தமான இரும்புகூடக் காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டினால் வேகமாகத் துருப்பிடிக்கும். உப்பு படிந்திருந்தால் அதற்கும் முன்பே தொடங்கிவிடும். சென்னை மாதிரி கடலோர ஊரில் இந்த இரண்டுக்கும் பஞ்சமில்லை. மாலையில் சுரண்டி வெறுமையாக்கிய கதவு காலையில் ஆரஞ்சு பூத்து நிற்கும். வியர்த்த கை பட்ட இடத்தில் விரல் ரேகையே துருவாகத் தெரியும். அதனால் அன்றைக்கு எவ்வளவு தகட்டுக்கு பிரைமர் அடிக்க முடியுமோ அவ்வளவை மட்டும் உரிப்பதே நல்லது. கையுறை, கிரீஸ் நீக்கும் திரவம், துடைக்க ஒரு துணி, காய்வதற்குள் ஒற்றி எடுக்க இன்னொரு துணி. ஒரே துணியால் தேய்த்தால் அழுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது.

நம் ஊர்க் கடைகளில் பலரும் கவனிக்காத ஒன்று, உப்பு கலந்த போர்வெல் தண்ணீர். வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்க்க அதைத்தான் பக்கெட்டில் பிடித்து வைப்பார்கள். பட்டியில் டால்க் தூள் நிறைய இருப்பதால் அது ஈரத்தை உறிஞ்சும். உப்புத் தண்ணீர் உள்ளே போய், தண்ணீர் மட்டும் ஆவியாகி, உப்பு தங்கிவிடும். பட்டியை உலர்வாகத் தேய்ப்பதுதான் சரி. முடியாவிட்டால் உப்பில்லாத நல்ல தண்ணீராவது வேண்டும்.

பிரைமருக்கு வருவோம். ரெட் ஆக்சைடு துருவைத் தடுக்கும் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. அந்தச் சிவப்புத் தூள் இரும்பு ஆக்சைடுதான், துருவின் உறவுக்காரன். நிறம் தரும், படலத்துக்கு உடம்பு தரும். அதற்குமேல் எதுவும் செய்யாது. ஒருகாலத்தில் கப்பல்களுக்கும் பாலங்களுக்கும் அடித்த சிவப்பு ஈயம் வேறு சரக்கு. அது எண்ணெயோடு சேர்ந்து உண்டாக்கிய ஈயச் சேர்மங்கள் உண்மையிலேயே அரிப்பை அடக்கின. நச்சு என்பதால் அது ஓரங்கட்டப்பட்டது. சிவப்பின் மீதான மரியாதை மட்டும் மிச்சம்.

எட்ச் பிரைமரில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கும். அது தகட்டை லேசாகக் கடித்துப் பிடிக்கும். மெல்லிய கோட், தனியாக விட்டால் அதிக நாள் தாங்காது. எபாக்ஸி இரண்டு டப்பா சரக்கு. ரெசினும் ஹார்டனரும் சேர்ந்து நெருக்கமான வலையாக இறுகும். அயனிகளுக்கு அதில் வழி மிகக் குறைவு. இன்னொரு பெரிய நன்மையும் உண்டு. துருச் சுற்றில் உண்டாகும் காரம் எண்ணெய் சார்ந்த பெயின்ட்டைச் சோப்பாக மாற்றி, தகட்டிலிருந்து கழற்றிவிடும். கீறல் விழுந்த இடத்தைச் சுற்றிப் பெயின்ட் தோல் மாதிரி உரிவது பெரும்பாலும் இதனால்தான். எபாக்ஸி காரத்துக்கு அவ்வளவு சுலபத்தில் மசியாது. வெறும் தகட்டுக்கு என் ஓட்டு எபாக்ஸிக்கே.

இரண்டும் நல்லது என்றால் இரண்டையும் அடிக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். எபாக்ஸியின் ஹார்டனர் காரத்தன்மை உள்ள அமீன். அடியில் அமிலம் மிச்சமிருந்தால் அது அமீனைத் தின்றுவிடும். எபாக்ஸி சரியாக இறுகாது. தயாரிப்பாளரே தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் ஒழிய இந்தக் கூட்டணி கூடாது. துரு மாற்றும் திரவத்தைத் தடவிவிட்டு அப்படியே எபாக்ஸி அடிப்பதிலும் இதே சிக்கல்தான்.

அந்தத் திரவங்களில் சிலவற்றில் டானிக் அமிலம் இருக்கும். இரும்போடு சேர்ந்து கருநீலமாக மாறும். கலம்காரியில் கடுக்காய் ஏற்றிய துணியின் மேல் இரும்புக் கரைசலால் கறுப்புக் கோடு இழுப்பதும் இதே வேதியியல். மேலோட்டமான துருவுக்கு இது சரி. குழியின் அடியில் உட்கார்ந்திருக்கும் உப்பின் குளோரைடை அது தொடக்கூடச் செய்யாது. மணல் வீசும் இயந்திரம் குழிக்குள் போகும்தான், ஆனால் பானட் போன்ற அகலமான தகட்டில் அதை வேகமாக அடித்தால் மேல்பரப்பு விரிந்து தகடே நெளிந்துவிடும்.

மழைக்காலத்தில் கம்ப்ரசரையும் கவனிக்க வேண்டும். அழுத்திய காற்று குளிரும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகிறது. டாங்கிலிருந்து வடிக்காவிட்டால் அது ஸ்ப்ரே கன் வழியே தகட்டுக்கு வரும். தகட்டின் வெப்பநிலை, காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிநிலையைவிட 3 டிகிரி செல்சியஸாவது அதிகமாக இருக்க வேண்டும் என்பது தொழிலில் பொதுவான விதி.

எபாக்ஸிக்கு மேல் தகடுகளின் இணைப்பை அடைக்கும் சீம் சீலர், பட்டி, கலருக்கு முன் தேய்த்துச் சமன் செய்யும் சர்ஃபேசர். சாம்பல் நிற சர்ஃபேசர் தேய்க்க வசதியாக, துளைகளோடு இருப்பது. “காசு வந்ததும் கலர் அடிக்கலாம்” என்று வண்டியை அந்தக் கோட்டோடு தெருவில் நிறுத்தினால் ஒரு மழைக்காலம் முழுக்க அது ஈரத்தைக் குடிக்கும். வேலை இடையில் நிற்கும் என்று தெரிந்தால் எபாக்ஸியோடு நிறுத்தி, நிழலில் வைக்கலாம்.

ஸ்ப்ரே கன் எட்டாத பெட்டித் தகடுகளுக்குள் கடைசியாக மெழுகு அடிக்க வேண்டும். நீளமான குழாயை உள்ளே விட்டு அடித்தால் அது மடிப்புகளுக்குள் ஊறிப் போகும். அதற்கு முன் அடியிலுள்ள வடிகால் ஓட்டைகளில் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். பட்டியோ சீலரோ அடைத்திருந்தால் குத்தி எடுத்துவிட்டு, அப்புறம் அடிக்கலாம்.