வலி நின்றுவிட்டது என்று சொன்னால் எனக்குக் கவலை

ஒரு காலையில் என் பல் கிளினிக்கைத் திறந்தபோது வாசலிலேயே இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, உட்கார முடியாமல் நடந்துகொண்டிருந்தார். இரவு முழுக்கத் தூங்காத கண்கள். இன்னொருவர் மூலையில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். தாடைக்குக் கீழே வீக்கம். வாயில் ஊறும் எச்சிலைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தார். "எனக்கு வலி நேத்தே நின்னுடுச்சு டாக்டர், பாவம், அவரை முதல்ல பாருங்க" என்றார். குரல் வாய்க்குள் எதையோ அடக்கிவைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது.

நான் மூலையில் உட்கார்ந்திருந்தவரைத்தான் முதலில் பார்த்தேன். வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்கவில்லை. நாக்கு மேலே தூக்கிக்கொண்டிருந்தது. நாக்குக்கு அடியில் தொட்டால் பலகைபோல் கடினம். பல் மருத்துவ நாற்காலியில் வைத்துப் பார்க்கும் நிலை இல்லை அது. மூச்சுக்குழாயைக் காப்பாற்ற வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் அனுப்பிவிட்டுத்தான், நடந்துகொண்டிருந்தவரைக் கூப்பிட்டேன். அவருக்கு என்மேல் கோபம். நியாயம்தான், அவ்வளவு வலி. ஆனால் அவர் இன்னும் ஒரு நாள் காத்திருந்தாலும் உயிருக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

வலி எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு அவசரம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பல் விஷயத்தில் இந்தக் கணக்கு பல நேரம் தப்பாகிவிடும். பல்லின் நடுவில் நரம்பும் ரத்தக்குழாயும் கொண்ட மென்மையான கூழ் இருக்கிறது. சொத்தை அதைத் தொட்டதும் அது வீங்கப் பார்க்கும். சுற்றிலும் கெட்டியான சுவர், விரிய இடம் இல்லை. அந்த அழுத்தம்தான் உயிரை எடுக்கும் வலி. கொஞ்ச நாளில் கூழ் செத்துப்போகும், வலியும் நின்றுபோகும். 'தானாகச் சரியாகிவிட்டது' என்று நிம்மதியாக இருக்கும்போது, கிருமிகள் வேரின் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்.

எந்தப் பல் என்பதும் முக்கியம். கீழ்த்தாடையின் கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களின் வேர்கள், வாயின் தளமாக இருக்கும் தசைக்கும் கீழே போய் முடிகின்றன. அங்கிருந்து கிளம்பும் தொற்று நேராகத் தாடைக்கு அடியில் இறங்கி இரண்டு பக்கமும் பரவும், நாக்கைப் பின்னோக்கித் தள்ளும். 1836இல் லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை விவரித்து எழுதியதால் இன்றும் லுட்விக் ஆஞ்சைனா என்கிறோம். இதய வலிக்குச் சொல்லும் ஆஞ்சைனா பெயரில் இருந்தாலும் இதயத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கழுத்தை நெரிப்பது என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். இதில் ஆபத்து சீழ் அல்ல, மூச்சு அடைபடுவது. சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு இது இன்னும் வேகமாகப் பரவும்.

ஆகவே வீக்கம் இருந்தால், எவ்வளவு வலிக்கிறது என்று பார்க்காமல் இவற்றைப் பாருங்கள். எச்சிலை விழுங்க முடிகிறதா? வாய் எவ்வளவு திறக்கிறது? குரல் மாறியிருக்கிறதா? மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதா? காய்ச்சல் உண்டா? வீக்கம் கழுத்துக்கு இறங்குகிறதா, அல்லது மேல்பற்களில் தொடங்கிக் கண் இமையை மூட ஆரம்பித்துவிட்டதா? விழுங்குவதிலோ மூச்சிலோ சிரமம் என்றால் எங்களைத் தேடி வராதீர்கள், நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கண்ணை நோக்கிப் போகும் வீக்கமும் அப்படித்தான். முகத்தின் நடுப்பகுதி ரத்தக்குழாய்களுக்கு மண்டைக்குள் தொடர்பு இருக்கிறது.

வீங்கிய கன்னத்தில் சூடான ஒத்தடம் வேண்டாம். போன தடவை மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக் மாத்திரையும் வேண்டாம். செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டமே கிடையாது, மருந்து அங்கே எப்படிப் போய்ச் சேரும்? வீக்கத்தைக் கொஞ்சம் அமுக்கிவைக்கும், அவ்வளவுதான். சீழை வெளியேற்றி, வேர் சிகிச்சை செய்யவோ பல்லை எடுக்கவோ வேண்டும்.

அடுத்து, கடிகாரத்தைப் பார்த்துச் செய்ய வேண்டிய ஒன்று. அடிபட்டு வேரோடு கழன்று விழுந்த பல்.

ஒரு அப்பா, விளையாடும்போது விழுந்த பத்து வயதுப் பையனை அழைத்து வந்தார். முன்பல்லைப் பத்திரமாக டிஷ்யூ பேப்பரில் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். மண் ஒட்டியிருந்ததாம், சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவியிருக்கிறார். பல் பளபளவென்று இருந்தது. எனக்கு மனசு கனத்துவிட்டது. அவர் அக்கறையோடு தேய்த்து எடுத்தது அழுக்கை மட்டும் அல்ல. வேரின் மேல் மெல்லிய சவ்வுபோல் ஒட்டியிருக்கும் உயிருள்ள செல்கள்தான் பல்லைத் திரும்ப எலும்போடு சேர்த்துப் பிடிப்பவை. காய்ந்த நிலையில் அரை மணி நேரத்தில் அவற்றில் பெரும்பாலானவை செத்துவிடும். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு நம்பிக்கை இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். பல்லைத் தேடி எடுங்கள். வாயில் வெளியே தெரியும் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடியுங்கள், வேரைத் தொடாதீர்கள். அழுக்கு இருந்தால் பாலிலோ மெதுவாக ஓடும் குளிர்ந்த நீரிலோ சில நொடிகள் அலசுங்கள், தேய்க்கக் கூடாது. பிறகு, படிக்கும்போதே பலர் முகம் சுளிப்பார்கள், முன்பக்கம் முன்னால் வரும்படி பார்த்து அதே குழியில் மெதுவாகத் திரும்பச் செருகுங்கள். மடித்த துணி ஒன்றைக் கடித்துக்கொள்ளச் சொல்லி உடனே கிளம்புங்கள். இதற்கு மருத்துவர் வேண்டியதில்லை, ஆசிரியரோ அம்மாவோ செய்யலாம். முதல் ஐந்து நிமிடத்தில் நீங்கள் செய்வதை ஒரு மணி நேரம் கழித்து நான் செய்தாலும் அதே பலன் வராது.

கை நடுங்குகிறது, முடியவில்லை என்றால் பாலில் போட்டு எடுத்து வாருங்கள். பால் கிடைக்காவிட்டால் ஒரு கிண்ணத்தில் அடிபட்டவரையே எச்சிலைத் துப்பச் சொல்லி, அதில் பல்லைப் போடலாம். வெறும் தண்ணீரில் ஊறவைத்தால் அந்தச் செல்கள் வெடித்துவிடும். மயக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் பல்லைத் திரும்பச் செருகாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். நாங்கள் மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு சேர்த்து ஏறக்குறைய இரண்டு வாரம் நிறுத்திவைப்போம். டெட்டனஸ் ஊசி தேவையா என்றும் பார்ப்போம்.

பால் பல் விழுந்தால் இதில் எதுவும் செய்யக் கூடாது. திரும்பச் செருகினால் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லுக்குத்தான் கேடு. ரத்தத்தை நிறுத்தி, குழந்தையை மட்டும் அழைத்து வந்தால் போதும்.

அந்தப் பையனுக்குப் பல்லைத் திரும்ப வைத்தேன். காலப்போக்கில் எலும்பு அந்த வேரைத் தின்றுவிடும் என்று அப்பாவிடம் சொல்லித்தான் வைத்தேன். வளரும் வயதில் எலும்பு கரையாமல் இருக்க அதுவாவது உதவும்.

உடைந்த பல் இவ்வளவு அவசரம் இல்லை. துண்டைத் தண்ணீரிலோ பாலிலோ போட்டுக் கொண்டுவந்தால் பல சமயம் அதையே ஒட்டிவிடலாம். மிச்சப் பல்லின் நடுவில் சிவப்புப் புள்ளி, அதாவது உள்ளே இருக்கும் கூழ், தெரிந்தால் அன்றே வாருங்கள். துண்டைக் காணோம், இருமல் வேறு இருக்கிறது என்றால் நெஞ்சு எக்ஸ்ரே அவசியம். பல்லுக்கு மாட்டிய கேப் கழன்றுவிட்டதா, எடுத்து வையுங்கள், வாரத்துக்குள் வாருங்கள். வீட்டில் நாற்காலி ஒட்டும் பசையால் ஒட்டிக்கொண்டு வருபவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள்.

இரவில் வலியால் துடிப்பவருக்கு: தலையணையை உயர்த்திப் படுங்கள், தலை தாழ்ந்தால் வலி கூடும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து எதுவும் இல்லையென்றால், பெரியவர்களுக்கு ஐபுப்ரோஃபெனும் பாரசிட்டமாலும் சேர்ந்து நன்றாகக் கேட்கும். அட்டையில் போட்டிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள். சளி மாத்திரைக்குள்ளும் பாரசிட்டமால் இருக்கும். பல்வலிக்கு என்று கணக்கில்லாமல் விழுங்கிக் கல்லீரலைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. ஆஸ்பிரினை ஈறில் வைத்து அடக்கிக்கொள்வது இன்னொரு பழக்கம். அது அமிலம், ஈறு வெள்ளையாக வெந்துவிடும்.

பல் எடுத்த பிறகு ரத்தம் கசிந்தால் பயந்து பயந்து கொப்பளிக்காதீர்கள். கொப்பளிக்கக் கொப்பளிக்க, உறைந்த ரத்தம் பெயர்ந்துவிடும். நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியைச் சுருட்டி, குழியின் மேல் வைத்து, அரை மணி நேரம் அழுத்திக் கடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காமல் இருப்பதுதான் கஷ்டம். இரண்டு தடவை செய்தும் நிற்காவிட்டால் வாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கீழ்த்தாடை வலி என்று வந்த பெரியவர் ஒருவரின் பற்களைத் தட்டிப் பார்த்தேன், எக்ஸ்ரே எடுத்தேன், ஒன்றும் இல்லை. "எப்போ வலிக்குது?" என்றேன். "மாடி ஏறும்போது. நின்னா சரியாயிடும்." நடந்தால் வந்து நின்றால் போகும் தாடை வலி பல்லுடையது அல்ல. அன்றே இதய மருத்துவரிடம் அனுப்பினேன். அதே வலியோடு வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்துகொண்டால், பல் மருத்துவர் நேரம் கொடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது.

அப்புறம், எங்களுக்குப் போன் செய்யும்போது 'தாங்க முடியலை டாக்டர்' என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். வீக்கம் இருக்கிறதா, நேற்றைவிட எவ்வளவு கூடியிருக்கிறது, வாய் எத்தனை விரல் திறக்கிறது, விழுங்க முடிகிறதா, சர்க்கரை நோய் உண்டா, என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். பல் விழுந்திருந்தால், எத்தனை மணிக்கு விழுந்தது, இப்போது எதில் இருக்கிறது என்று சொல்லுங்கள். உங்களை உடனே வரச் சொல்வதா, வழியிலேயே வேறு இடத்துக்குத் திருப்பிவிடுவதா என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வேன்.