புகைச் சான்றிதழ்: வண்டியைக் கொண்டுபோய்த்தான் வாங்க வேண்டும்

மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றும் குட்டி யானை ஒன்று என் மச்சானிடம் இருக்கிறது. எஃப்சி, அதாவது வண்டியின் தகுதிச் சான்று எடுக்கும் நாள், நெருங்கியபோது புகை டெஸ்ட்டுக்கு நானும் கூடப் போயிருந்தேன். டெஸ்ட் எடுப்பவர் சைலன்சருக்குள் குழாயைச் செருகிவிட்டு, ஆக்சிலேட்டரை அடிவரைக்கும் ஒரே மிதியாக மிதிக்கச் சொன்னார். விட்டு, மறுபடி மிதி. இப்படிச் சில தடவை. திரையில் 72 என்று வந்தது. 2014 மாடல் டீசல் வண்டி, அதற்கு வரம்பு 65. சர்டிபிகேட் தர முடியாது என்றார். மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. "வண்டியே போகாம, நம்பர் பிளேட் போட்டோ அனுப்புனாலே குடுக்குற எடம் இருக்குண்ணே" என்றார்.

இருக்கிறது. போன வருடம் என் பைக்குக்கே ஓரிடத்தில் குழாயை எடுக்கக்கூட இல்லை. படம் பிடித்தார்கள், காசு வாங்கினார்கள், சீட்டைக் கொடுத்தார்கள். நானும் ஒன்றும் கேட்காமல் வாங்கி வந்தேன். கேட்டிருக்க வேண்டும். டெஸ்ட்டுக்குத்தான் காசு கொடுக்கிறோம், சீட்டுக்கு அல்ல.

அந்த 65 என்பது என்ன? புகையை ஒரு குழலுக்குள் விட்டு, அதன் ஊடாக ஒளியைப் பாய்ச்சி, நூற்றில் எவ்வளவு ஒளி மறைகிறது என்று அளக்கிறார்கள். பிஎஸ் (பாரத் ஸ்டேஜ்) என்பது வண்டிப் புகைக்கு அரசு வைத்திருக்கும் தரநிலை. பிஎஸ்-4க்கு முந்தைய டீசல் வண்டிக்கு 65 வரைக்கும் விடுவார்கள். பிஎஸ்-4 என்றால் 50தான்.

பெட்ரோல் வண்டியில் கண்ணுக்குத் தெரியும் புகையை அளப்பதில்லை. இன்ஜின் சூடேறியதும் ஸ்லோ ஸ்பீடில் ஓடவிட்டு, கார்பன் மோனாக்சைடும் எரியாமல் வெளியேறும் ஹைட்ரோகார்பனும் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். 2000 மார்ச்சுக்குப் பிறகு தயாரான, பிஎஸ்-4 வராத ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குக்கு முதலாவது 3.5 சதவீதத்தையும், இரண்டாவது பத்து லட்சத்தில் 4500 பங்கையும் தாண்டக் கூடாது. பிஎஸ்-4, பிஎஸ்-6 வண்டிகளுக்குக் கெடுபிடி இன்னும் அதிகம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. "என் வண்டி புகையே விடுறதில்ல" என்பது அதனால்தான் ஒரு பதிலாகாது. இந்த இரண்டும் கூடுதலாக வந்தால், நீங்கள் காசு கொடுத்துப் போட்ட பெட்ரோல் சரியாக எரியவில்லை என்றும் அர்த்தம்.

நம் கரையில் இதோடு இன்னொரு தொல்லை சேர்கிறது. பாம்பன், மண்டபம், தொண்டி, கீழக்கரை என்று எங்கே போனாலும் உப்புக்காற்று சைலன்சரைத் தின்கிறது. மீன் வண்டியென்றால் ஐஸ் தண்ணீரும் சேர்ந்து ஒழுகும். துருவேறி ஓட்டை விழுந்தால் வெளிக்காற்று உள்ளே கலந்து, அளவு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். பாஸ் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்போம், ஓட்டை வழியே புகை நம் காலடியிலேயே வந்துகொண்டிருக்கும். டெஸ்ட்டுக்குப் போகுமுன் இன்ஜினிலிருந்து பின்முனை வரைக்கும் சைலன்சரைக் குனிந்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கடல்காற்று எல்லாப் புகையையும் கொண்டுபோய்விடும் என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. பஸ் ஸ்டாண்டில் உறுமிக்கொண்டு நிற்கும் வண்டிக்குப் பின்னால் கைக்குழந்தையோடு நிற்பவர் முகத்தில் அடித்துவிட்டுத்தான் அது போகிறது.

சரி, யார் எப்போது எடுக்க வேண்டும்? புது வண்டிக்குப் பதிவான நாளிலிருந்து ஒரு வருடம் வரைக்கும் தேவையில்லை. அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. பிஎஸ்-4, பிஎஸ்-6 வண்டி என்றால் வருடம் ஒரு தடவை போதும். நாடு முழுக்க பிஎஸ்-4 கட்டாயமானது 2017 ஏப்ரலில், பிஎஸ்-6 கட்டாயமானது 2020 ஏப்ரலில். மின்சார வண்டிக்கு இது கிடையாது. இவையெல்லாம் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில், 115ஆம் விதியில் இருக்கின்றன. சாலையில் ஓடும் வண்டிகளுக்கான விதி இது, விசைப்படகுகளுக்குப் பொருந்தாது.

2021இல் நாடு முழுக்க ஒரே மாதிரிச் சான்றிதழ் வந்தது. கியூஆர் கோடு இருக்கும். உரிமையாளரின் செல் நம்பர் கட்டாயம், எனவே உங்கள் நம்பரையே கொடுங்கள். சீட்டு தொலைந்துபோனால் பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணையும் சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து எழுத்தையும் போட்டு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். வண்டி தேறாவிட்டால் காரணத்தோடு நிராகரிப்புச் சீட்டு தர வேண்டும் என்பதும் அப்போது வந்த ஏற்பாடுதான். அதைக் கேட்டு வாங்குங்கள். மெக்கானிக்கிடம் காட்ட அதைவிட நல்ல தாள் இல்லை.

சான்றிதழ் கையில் இருந்தாலும், வண்டி அளவுக்கு மேல் புகை விடுகிறது என்று பட்டால் எஸ்ஐ அல்லது மோட்டார் வாகன ஆய்வாளர் பதவிக்குக் குறையாத அதிகாரி மறுபடி டெஸ்ட் எடுக்கச் சொல்லலாம். 7 நாளுக்குள் சான்றிதழைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஆர்சியையே நிறுத்திவைக்க முடியும். 2019 திருத்தத்துக்குப் பிறகு சட்டம் சொல்லும் தண்டனை 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்சும் மூன்று மாதத்துக்குப் போகும்.

புகைச் சான்றிதழ் இல்லையென்றால் விபத்து இன்சூரன்ஸ் கிடைக்காது என்று ஒரு வதந்தி சுற்றுகிறது. அது சரியில்லை. அதை மட்டும் காரணமாகக் காட்டி கிளெய்மை மறுக்க முடியாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2020லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. யாராவது அப்படிச் சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பினால் விடாதீர்கள்.

மச்சானின் வண்டிக்கு வருவோம். ஏர் ஃபில்டரைக் கழற்றினால் கருவாட்டுச் சாக்கு மாதிரி இருந்தது. அதை மாற்றி, இன்ஜெக்டரையும் சுத்தம் செய்த பிறகு மறுபடி போனோம். 51. அடுத்த தேதியை அவர் மார்க்கரால் டிரைவர் கதவின் உள்பக்கம் எழுதி வைத்திருக்கிறார்.