டிராஃப்ட் பிக்: ‘வரைவு’ இல்லீங்க, ‘எடுப்புரிமை’

“உசந்த டிராஃப்ட் பிக்கைக் குடுத்து ப்ரூவன் ரிசீவரை ட்ரேட் பண்ணி வாங்கலாமா?”ன்னு அமெரிக்க ஃபுட்பால்ல ஒரு கேள்வி உண்டு, அதுல வர்ற சொல்லுங்களை ஒவ்வொண்ணா தமிழ்ல பாப்போம். டீமுங்க வருஷா வருஷம் காலேஜ்ல ஆடுற புதுப் பசங்களை சுற்று சுற்றா, வரிசைப்படி எடுக்குறதுதான் டிராஃப்ட். இதைப் பத்தி தமிழ்ல எழுதும்போது டிராஃப்ட் பிக்கை ‘வரைவுத் தேர்வு’ன்னு போடுறத பாக்குறேன், அது தப்பு. வரைவுங்கிறது சட்ட வரைவு, பேங்க்ல எடுக்குற வரைவோலை இதுக்கெல்லாம் சரி, ஆனா இங்க எதையும் யாரும் எழுதல.

டிராஃப்ட்டோட வேர் ‘இழு’ங்கிற அர்த்தம் உள்ள பழைய இங்கிலீஷ் சொல். கோடு இழுக்குறதுலேருந்து படம், கையெழுத்துப்படின்னு ஒரு கிளை போச்சு, கூட்டத்துலேருந்து ஆளை இழுத்து பட்டாளத்துக்கு எடுக்குறதுன்னு இன்னொரு கிளை போச்சு. விளையாட்டுக்கு வந்தது இந்த ரெண்டாவது கிளைதான். அதனால டிராஃப்ட்டுக்கு ‘ஆளெடுப்பு’ன்னு சொல்றதுதான் பொருந்தும்.

சரி, பிக்? இங்கதான் நெறைய பேர் குழம்புறாங்க, பிக்னா ஒரு ஆள்னு நெனச்சுக்கறாங்க. பிக்ங்கிறது ஆள் கிடையாது, வரிசையில தன்னோட முறை வரும்போது ஒரு ஆளை எடுக்குற உரிமை. அமெரிக்க ஃபுட்பாலோட பெரிய லீக்கான என்எஃப்எல்ல மொத ஆளெடுப்பு 1936ல ஃபிலடெல்ஃபியாவுல நடந்துச்சு, மோசமா தோத்த டீம் மொதல்ல எடுக்கட்டும்னு யோசனை சொன்னவரு ஈகிள்ஸ் டீம் ஓனர் பெர்ட் பெல். அந்த வருஷம் ஈகிள்ஸே மொத ஆளா ஜே பெர்வாங்கரை எடுத்தாங்க, அவரோட உரிமையை பேர்ஸ் டீமுக்கு மாத்தியும் விட்டாங்க, ஆனா மனுஷன் என்எஃப்எல்ல ஒரு மேட்ச் கூட ஆடல. உரிமை கைமாறுச்சு, ஆள் வரவே இல்ல. அதனாலதான் ‘எடுப்புரிமை’ன்னு சொல்லணும்ங்கிறேன்.

சின்ன வயசுல உத்தி பிரிப்போமே, ரெண்டு பேரு தோள்ல கை போட்டுட்டு ஒதுங்கிப் போயி ரகசியமா பேர் வச்சுட்டு வந்து “மாங்கா வேணுமா தேங்கா வேணுமா”ன்னு கேப்பாங்க, யார் வருவாங்கன்னு தெரியாமலே நாம ஒண்ணச் சொல்லுவோம். ஆளெடுப்புல பேர் தெரியும், ஆனா அந்தப் பையன் பெரிய லீக்ல எப்படி ஆடுவான்னு தெரியாது, படபடப்பு அதேதான்.

அடுத்து, எறியுற பந்தைப் பிடிக்கிற ரிசீவருக்கு ‘பெறுநர்’ வேண்டாம், அது லெட்டர்ல எழுதுறது, ‘பந்து பிடிப்பாளர்’னு சொல்லலாம், இல்ல ரிசீவர்னே விடலாம். ப்ரூவன்னா ‘நிரூபிக்கப்பட்ட’ இல்ல, ‘ஆடிக் காட்டின’. ட்ரேடுக்கு ‘வர்த்தகம்’ ஒட்டாது, ‘மாத்திக்கிறது’ போதும், ‘கைமாத்து’ன்னு மட்டும் போட்டுடாதீங்க, அது கடன்.

அப்ப உசந்த, அதாவது வரிசையில முன்னாடி வர்ற எடுப்புரிமையைக் குடுத்து ஆடிக் காட்டின ரிசீவரை வாங்கலாமா? 2020 மார்ச்ல பில்ஸ் டீம் 22ஆவது எடுப்புரிமையோட இன்னும் சில பின்சுற்று உரிமைகளையும் வைக்கிங்ஸுக்குக் குடுத்து ஸ்டெஃபான் டிக்ஸை வாங்குச்சு, அவரு அந்த சீசன்லயே 1,535 கெஜம் (பந்தைப் பிடிச்சு முன்னேறுன தூரம்) எடுத்து லீக்லயே முதலிடம். ஏப்ரல்ல ஆளெடுப்பு, கொரோனா காலம், லீக்கோட தலைவரான கமிஷனர் தன் வீட்டு நிலவறையில உக்காந்து பேர் படிக்கிறாரு, 21ஆவதா ஈகிள்ஸ் ஜேலன் ரேகரை எடுக்க, அடுத்ததா வைக்கிங்ஸ் அந்த 22ஐ வச்சு ஜஸ்டின் ஜெஃபர்சனை எடுத்தாங்க. மொத வருஷத்துல ரேகர் 396 கெஜம், ஜெஃபர்சன் 1,400. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரே ஒரு எண்தான்.

இதப் பாத்தப்புறம் என் கருத்து இதுதான்: மொத பத்துக்குள்ள வர்ற உரிமைன்னா விடக்கூடாது, புதுப் பையனோட நாலு வருஷ ஒப்பந்தம் செலவு கம்மி, ஆடிக் காட்டினவரு பெரிய சம்பளமும் கேப்பாரு. ஆனா பந்து எறியுற குவார்ட்டர்பேக் நல்லா செட் ஆகி, கையில இருக்குறது 18, 22ன்னு பின்னாடி வர்ற உரிமைன்னா தைரியமா குடுக்கலாம்.

இனிமே இப்படி எழுதிப் பாருங்க: “2022ல ஈகிள்ஸ் 18ஆவது, 101ஆவது எடுப்புரிமைகளை டைட்டன்ஸுக்குக் குடுத்து, ஆடிக் காட்டின ரிசீவர் ஏ.ஜே. பிரவுனை வாங்குச்சு, அந்த வருஷமே அவரு 1,496 கெஜம் எடுத்தாரு.”